மகாமகத்துக்கு ஒரு தலைவி: அறிவியல் மாநாடுகளில் பெயர் எழுதும் அதிகாரம்

இந்திய அறிவியல் மாநாட்டின் பொதுத் தலைவர் பட்டியலில் பெண்கள் தலைமை ஏற்ற கூட்டங்களின் ஆண்டுகளை மட்டும் பிரித்து எழுதினால் ஒரு விசித்திரம் தெரியும்: 1975, 1987, 1999, 2012, 2023. அசீமா சாட்டர்ஜி, அர்ச்சனா சர்மா, மஞ்சு சர்மா, கீதா பாலி, விஜயலட்சுமி சக்சேனா. 1914இல் கல்கத்தாவில் கூடிய முதல் மாநாடு தொடங்கி 2023இல் நாக்பூரில் கூடிய 108ஆவது மாநாடு வரை பெண் தலைவர்கள் ஐந்தே பேர். அதுவும் ஏறத்தாழ பன்னிரண்டு ஆண்டுக்கு ஒருவர். கும்பகோணத்து மகாமகக் கணக்கு. இதை யாரும் உட்கார்ந்து வகுத்திருக்க மாட்டார்கள். வகுக்காமலே இவ்வளவு ஒழுங்காக அமைந்துவிட்டது என்பதுதான் யோசிக்க வைக்கிறது. ஒருவர் வந்தாயிற்று என்றால் அடுத்த பத்தாண்டுக்கு அந்தப் பேச்சே எழாமல் போவதன் அடையாளமாகவே இதைப் படிக்க முடியும்.

இந்த மாநாட்டை முதலில் கனவு கண்ட இருவரில் ஒருவர் சென்னை மாநிலக் கல்லூரியின் வேதியியல் பேராசிரியர் ஜே.எல். சைமன்சன், மற்றவர் லக்னோவின் பி.எஸ். மக்மகன். அவர்கள் தொடங்கிவைத்த மேடையில் ஒரு பெண் தலைமையேற்க 61 ஆண்டு பிடித்தது. தகுதிக்குப் பஞ்சம் என்று சொல்ல வழியில்லை. அசீமா சாட்டர்ஜி கல்கத்தா பல்கலைக்கழகத்தில் டி.எஸ்சி. பட்டம் பெற்றது 1944இல். கோவை கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய தாவரவியலாளர் ஜானகி அம்மாள், 1955இல் அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் நடந்த புகழ்பெற்ற சுற்றுச்சூழல் கருத்தரங்குக்கு அழைக்கப்பட்ட ஒரே பெண். பிரின்ஸ்டன் கண்டுபிடித்த பெயர் இங்கே தலைவர் பட்டியலில் ஏறவேயில்லை.

ஆனால் தலைவர்களை எண்ணுவது எளிது என்பதாலேயே அந்த எண்ணிக்கை நம்மைத் திசை திருப்பவும் கூடும். இதே நாற்காலியில் 1947இல் இடைக்கால அரசுக்குத் தலைமை வகித்த நேருவும் 2013இல் பிரதமராக இருந்த மன்மோகன் சிங்கும் அமர்ந்தார்கள். நாட்டை ஆள்பவர் இடையில் வந்து வகிக்க முடிகிற பதவியில் எவ்வளவு வேலை இருக்கும்? உச்சப் பதவி ஒரே ஆணையில் மாறிவிடுவதும் உண்டு. 1935இல் தோன்றிய இந்திய தேசிய அறிவியல் கழகத்துக்கு 2020இல் சந்திரிமா சாகா முதல் பெண் தலைவரானார். அம்பாசமுத்திரத்தில் பிறந்து காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராக உயர்ந்த ந. கலைச்செல்வி, 2022இல் அறிவியல் தொழிலக ஆராய்ச்சிக் குழுமமான சி.எஸ்.ஐ.ஆரின் முதல் பெண் தலைமை இயக்குநரானார். மகிழத்தக்க செய்திகள்தாம். அசையாமல் கிடப்பது நடுவில் உள்ள பட்டியல்: எந்த அமர்வில் யார் பேசுவது, யாரை அழைப்பது என்று பெயர் எழுதுகிற குழு.

அந்தக் குழுவின் பலத்தை ஆய்வாளர்கள் ஆர்ட்டுரோ கசடேவாலும் ஜோ ஹேண்டல்ஸ்மனும் 2014இல் அளந்து காட்டினார்கள். அமெரிக்க நுண்ணுயிரியல் சங்கத்தின் கூட்டங்களில் ஆண்கள் மட்டுமே அமைத்த அமர்வுகளில் பேச்சாளர்களில் பெண்கள் சுமார் 25 விழுக்காடு. அமைப்பாளர்களில் ஒரு பெண்ணாவது இருந்த இடங்களில் 43. பெண்கள் மிகுந்த துறைகளில்தான் பெண் அமைப்பாளர்களும் இருப்பார்கள், ஆகவே இது காரணமல்ல, உடன்நிகழ்வு என்று ஒருவர் மறுக்கலாம். மறுப்பு நியாயமானதே. சங்கமோ அடுத்த ஆண்டே நிகழ்ச்சிக் குழுவில் பெண்களைக் கூட்டி, ஆண்கள் மட்டும் பேசும் அமர்வுகளைத் தவிர்க்கச் சொன்னது. 2015இல் பெண் பேச்சாளர்கள் ஏறக்குறைய சரிபாதி ஆனார்கள். துறை அதே துறைதான்.

‘ஆள் கிடைக்கவில்லை’ என்ற பதிலுக்கும் கணக்கு உண்டு. சுருதி முரளிதரும் வைஷ்ணவி அனந்தநாராயணனும் 2020இல் தொடங்கிய பயஸ்வாட்ச் இந்தியா, ஒவ்வொரு மாநாட்டையும் அந்தத் துறையில் உண்மையில் எத்தனை பெண்கள் வேலை செய்கிறார்கள் என்பதோடு ஒப்பிடுகிறது. பாதிக்குப் பாதி என்று அவர்கள் கேட்கவில்லை. இருப்பவர்களின் அளவுக்காவது அழையுங்கள் என்கிறார்கள். அந்த அளவே பெரிதில்லை என்பது வேறு கதை: அவர்கள் திரட்டிய தரவில் அறிவியல், பொறியியல் ஆசிரியர்களில் பெண்கள் சுமார் 17 விழுக்காடு. 2021-22ஆம் ஆண்டின் அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பிலோ அறிவியல் மாணவர்களில் பாதிக்கு மேல் பெண்கள்.

தனி அரங்கு அமைத்துக் கொடுப்பது இதற்குத் தீர்வாகுமா? அறிவியல் மாநாட்டுக்குள் 2012 முதல் மகளிர் அறிவியல் மாநாடு தனியாக நடந்துவந்தது. நாக்பூரில் பெண்கள் மேம்பாடு மையப்பொருளிலேயே இடம்பெற்றது. 2010இல் ஹைதராபாத்தில் உலகக் கணிதவியலாளர் மாநாட்டை ஒட்டியும் பெண் கணிதவியலாளர்களுக்கு இரண்டு நாள் கூட்டம் நடந்தது. ஒரு வேறுபாடு: அங்கே முதன்மை மேடையிலும் முழு அவைச் சொற்பொழிவாற்றியவர்களில் ஒருவர் சென்னை ஸ்டெல்லா மாரிஸ் கல்லூரியில் படித்த ராமன் பரிமளா. 1932இல் எம்மி நோதர் பேசிய அந்த மேடையில் அடுத்த பெண்ணாகக் கேரன் உலன்பெக் ஏறியதே 1990இல்தான். பெரிய கூடத்தில் இடம் இல்லாமல் பக்கத்து அறை மட்டும் கொடுத்தால் அது ஒதுக்கிவைப்பதில்தான் போய் முடியும்.

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற ஊர்களுக்கு இது தூரத்து விவகாரம் அல்ல. இன்று சிறுநகரக் கல்லூரிகளிலும் தேசியக் கருத்தரங்கு, பன்னாட்டுக் கருத்தரங்கு என்று அழைப்பிதழ்கள் அச்சாகின்றன. தலைமைப் புரவலர், புரவலர், கன்வீனர், ஒருங்கிணைப்புச் செயலாளர் என்று மேலிருந்து கீழாக இறங்கும் அந்தத் தாளில், வரவேற்புரைக்கும் நன்றியுரைக்கும் பெண் பெயர் சுலபமாகக் கிடைத்துவிடுகிறது. பதிவு மேசையும் சான்றிதழ் வேலையும் கேட்காமலே அவர்களிடம் வந்து சேரும். ராஜபாளையத்தின் ஏ.கே.டி. தர்மராஜா கல்லூரியைப் போலப் பெண்களுக்கென்றே உள்ள கல்லூரிகள் மாநிலமெங்கும் இருக்கின்றன. அத்தகைய இடங்களில் பெண்கள் கன்வீனராவது அன்றாட நடப்பு. நிதி திரட்டி, பேச்சாளரை வரவழைத்து, தங்குமிடம் பார்த்து, ஆய்வுத் தொகுப்பு வெளியிடும் அந்த அனுபவத்தைப் பல்கலைக்கழகக் குழுக்களும் தேசியச் சங்கங்களும் ஏன் தேடிப் போவதில்லை என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

கேட்கும் அதிகாரம் பணம் கொடுப்பவர் கையில் இருக்கிறது. அமெரிக்கத் தேசியச் சுகாதார நிறுவனங்களின் அப்போதைய இயக்குநர் பிரான்சிஸ் காலின்ஸ், ஆண்கள் மட்டும் அமரும் மேடைகளில் இனிப் பேசுவதில்லை என்று 2019 ஜூனில் அறிவித்தார். அவர் மறுத்தது ஒரு பேச்சாளர் என்ற முறையில். தமிழ்நாடு அறிவியல் தொழில்நுட்ப மாநில மன்றம் போன்ற, கருத்தரங்குகளுக்கு நிதி உதவும் அமைப்புகளால் அதைவிட எளிதாக ஒன்றைச் செய்ய முடியும். அமைப்புக் குழுவிலும் பேச்சாளர் பட்டியலிலும் பெண்கள் எத்தனை பேர், அந்தத் துறையில் எத்தனை பேர் என்ற இரண்டு எண்களை விண்ணப்பத்தோடு வாங்கி, ஆண்டு முடிவில் கல்லூரி வாரியாக வெளியிடலாம்.