மீளப்பெற்ற முலாம்பழங்கள்

2011 ஆம் ஆண்டு செப்ரெம்பர் 2 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் கொலறாடோ மாநிலச் சுகாதாரப் பகுதியினர் ஏழு நோயாளரைப் பற்றித் தேசிய நோய்த்தடுப்பு நிலையத்துக்கு அறிவித்தனர். எழுவரையும் பீடித்தது லிஸ்ரீரியா என்னும் பற்றீரியாவால் விளையும் நோய். ஆகஸ்ட் மாதத்தில் அம்மாநிலத்தில் வழக்கமாக இருவருக்கே வரும் நோய் அது. இப்பொழுதோ ஆகஸ்ட் 28 இன் பின் சில நாட்களுக்குள் எழுவர்!

இந்நோயின் மூலத்தைக் காண்பது எளிதன்று. கிருமி உடலிற் புகுந்து எழுபது நாள் கழிந்த பின்னரும் நோய் வெளிப்படலாம். இரு மாதங்களுக்கு முன் உண்டதை எவர்தாம் நினைவில் வைத்திருப்பர்? ஆயினும், நோயாளர் அனைவரிடமும் ஒரே வினாத்தாளைக் கொண்டு உணவு விபரம் கேட்டெழுதும் முறை அந்நாட்டில் 2004 முதல் இருந்து வந்தது. அதுவே கைகொடுத்தது. எழுவரும் முலாம்பழம் உண்டதாகக் கூறினர்.

இக்கிருமி புதியதன்று. 1926 இல், கேம்பிரிட்ஜ் ஆய்வுகூடத்தில் மாண்ட முயல்களைப் பற்றிய ஆராய்ச்சி அதனை விவரித்தது. சத்திர சிகிச்சையிற் கிருமியொழிப்பைப் புகுத்திய ஜோசப் லிஸ்டரின் பெயர் 1940 இல் அதற்குச் சூட்டப்பட்டது. அது மனிதருக்கு உணவு வழியே பரவும் என்பதைக் கனடாவின் கீழ்க்கரை மாகாணங்களில் 1981 இல் நேர்ந்த சம்பவம் நிலைநாட்டியது. ஆட்டெரு இட்டு வளர்த்த கோவா அங்கே காரணமாயிற்று. குளிர்ப்பெட்டியின் குளிரிலும் பெருகவல்லது என்பதே இக்கிருமியின் தனிக் கொடுமை. காக்கும் என்று நம்பி வைக்கும் இடமே அதற்கு வளர்ப்பிடம்.

கொலறாடோவின் கீழ்த்திசையில், கிறனாடா என்னும் சிற்றூருக்கு அணித்தான பண்ணையொன்று தன் பழங்களை மீளப்பெறுவதாகச் செப்ரெம்பர் 14 ஆந் திகதி அறிவித்தது. அப்பழங்கள் யூலை 29 முதல் செப்ரெம்பர் 10 வரை சந்தைகளுக்கு அனுப்பப்பட்டவை. முலாம்பழம் பல வாரம் கெடாமல் நிற்பதரிது. முதல் வாரங்களிற் சென்றவை எங்ஙனம் மீளும்?

அதிகாரிகள் பண்ணையை ஆராய்ந்தபொழுது வயல் மண்ணிற் கிருமி காணப்படவில்லை. பழம் பொதி செய்யும் கொட்டகையிலேயே காணப்பட்டது. அங்குத் துடைத்தெடுத்த 39 மாதிரிகளுள் 13 இல் அது இருந்தது. தரையில் நீர் தேங்கியிருந்தது. கழுவும் இயந்திரம் முன்னர் வேறொரு விளைபொருளுக்குப் பயன்பட்டது. துருவேறித் துப்புரவு செய்தற்கு அரிதாயிருந்தது. வயலின் வெப்பத்தோடு வந்த பழங்கள் முன்குளிரூட்டப்படாமல் குளிரறையில் வைக்கப்பட்டதால், வலைபோன்ற தோலில் ஈரம் படிந்திருக்கலாம். இவற்றுள் ஒன்றும் வியப்பூட்டுவதன்று. நல்லதோர் இல்லத்தரசி தன் சமையற்கட்டிற் பொறுக்கமாட்டாதவை.

வியப்பு வேறிடத்தில் உள்ளது. அதே யூலை மாதம் 25 ஆந் திகதி, பண்ணையார் கூலி கொடுத்து அமர்த்திய தனியார் பரிசோதகர் ஒருவர் அக்கொட்டகையைப் பார்வையிட்டு, நூற்றுக்குத் தொண்ணூற்றாறு புள்ளியும் ‘மிகச் சிறந்தது’ என்னும் தரமும் வழங்கிச் சென்றார். கழுவுநீரிற் கிருமிகொல்லி சேர்க்கப்படாமை அத்தரத்துக்குத் தடையாகவில்லை. நான்கு நாட்களின் பின் பழங்கள் புறப்பட்டன.

நோயுற்றோர் 28 மாநிலங்களில் 147 பேர். இறந்தோர் 33 பேர். பெரும்பாலோர் முதியோர், நோயாளரின் இடைவயது 78. உரிமையாளரான சகோதரர் இருவரும் 2013 ஒக்ரோபரிற் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். மறு ஆண்டு சனவரியில், ஆறு மாத வீட்டுக்காவலும் ஐந்தாண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், ஆளுக்கு 150,000 டொலர் இழப்பீடும் தீர்ப்பாயின. மாண்டோரின் குடும்பங்கள் சிலவற்றுக்கு அது போதுமானதாகத் தோன்றாதிருந்தால், அவர்களைக் குறைகூற எவருக்கும் வாய் வராது.

அப்பண்ணை தன் பழத்துக்கு ‘றொக்கி போர்ட்’ என்னும் புகழ்பெற்ற பெயரை இட்டிருந்தது. அப்பெயருக்குரிய ஊரோ ஏறக்குறைய 145 கிலோமீற்றர் மேற்கே இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டு முதல் முலாம்பழத்தால் வாழ்ந்த ஊர். அவ்வூர்க் கமக்காரரின் பழத்திற் குற்றமில்லை. ஆயினும் அவற்றையும் மக்கள் வாங்க அஞ்சினர். அதன் பின்னரே அக்கமக்காரர் சங்கமாய்க் கூடித் தம் ஊரின் பெயரைத் தமக்கென உரிமைப்படுத்த முற்பட்டனர்.