ஆலை முற்றத்தில் விழும் மழை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் திண்டிவனத்தை அடுத்த மயிலத்தில் கொட்டிய மழை சுமார் 50 சென்டிமீட்டர். விழுப்புரம் மாவட்டம் ஓராண்டில் காணும் மழையில் ஏறத்தாழப் பாதி அது. ஏரிகள் கோடி போயின, சாலைகள் வாய்க்கால்களாயின. எந்த ஊரில் எத்தனை சென்டிமீட்டர் என்ற பட்டியல் அன்றே வெளிவந்துவிட்டது. அந்த வெள்ளம் வழியில் எதையெல்லாம் கரைத்து எடுத்துப்போனது என்று கேட்டால், அதைச் சொல்லும் பட்டியல் ஒன்று போடும் வழக்கமே நம்மிடம் இல்லை.

தண்ணீரின் அளவைக் கண்காணிப்பதில் இந்த வட்டாரம் தேர்ந்தது. விழுப்புரம்–புதுச்சேரி சாலையில் இருக்கும் வளவனூரை எடுத்துக்கொண்டாலும் சரி, செஞ்சிப் பக்கத்துச் சிற்றூர்களை எடுத்துக்கொண்டாலும் சரி, ஏரி, மதகு, கலங்கல், வரத்து வாய்க்கால் என்று ஊரின் அமைப்பே மழையைக் கணக்கிட்டு உருவானதுதான். மேல் ஏரியின் உபரி கீழ் ஏரிக்கு வரும். திண்டிவனம், வானூர் பக்கத்து ஏரிகள் பலவற்றின் மிச்சத் தண்ணீர் கழுவெளியில் சேர்ந்து, எடையன்திட்டுக் கழிமுகம் வழியே கடலை அடையும். கலங்கல் எவ்வளவு உயரம் என்பதற்காக ஊரோடு ஊர் வழக்காடிய காலமும் உண்டு. தாலுகா அலுவலகங்களில் மழைமானி வந்த பிறகு அளவு இன்னும் துல்லியமானது. தண்ணீரின் தரத்தைச் சட்டம் கேட்கத் தொடங்கியது வெகு பின்னால்தான்.

நாடாளுமன்றம் 1974-இல் நீர் மாசுத் தடுப்புச் சட்டத்தை நிறைவேற்றியது. தமிழகத்தில் அதை நடைமுறைப்படுத்தும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 1982-இல் அமைந்தது. சட்டத்தின் 21-ஆம் பிரிவு மாதிரி எடுக்கும் முறையை நுணுக்கமாகச் சொல்கிறது. ஆலைக்காரருக்கு அறிவிப்புத் தர வேண்டும். அவர் முன்னிலையில் மாதிரியை இரண்டாகப் பிரிக்க வேண்டும். தனித்தனிப் புட்டிகளில் அடைத்து முத்திரையிட வேண்டும். இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். நீதிமன்றத்தில் நிற்கும் சான்று வேண்டும் என்பதற்காக வகுத்த முறை அது. ஆனால் வாரியத்தின் கண் முழுக்கக் கழிவுநீர்க் குழாயின் வாயிலேயே இருந்தது. திறந்த முற்றம், மூலப்பொருள் குவியல், எண்ணெய்த் தொட்டியின் அடிவாரம், லாரி நிற்கும் இடம் இவற்றின் மேல் மழை பெய்தால் ஓடி வருவது என்ன என்று பார்க்க, அந்த நேரத்தில் அங்கே ஒருவர் நிற்க வேண்டும். மழை அலுவலக நேரம் பார்த்துப் பெய்வதில்லை.

இதை நன்றாக உணர்ந்தவர்கள் கடலூர்க்காரர்கள். 1993-இல் பிரியும்வரை விழுப்புரமும் கடலூரும் ஒரே தென்னாற்காடு மாவட்டம். 1980-களில் கடலூருக்குத் தெற்கே உப்பனாற்றங்கரையில் சிப்காட் வளாகம் எழுந்தது; ரசாயன ஆலைகள் வந்தன. அடைமழை நாளில், ஆறு பெருகி ஓடும்போது, தேக்கி வைத்த கழிவைத் திறந்துவிடுகிறார்கள் என்பது ஆற்றோர ஊர்கள் நெடுங்காலமாகச் சொல்லிவரும் குற்றச்சாட்டு. அதிகாரி வந்து சேர்வதற்குள் வெள்ளம் எல்லாவற்றையும் கடலில் சேர்த்துவிடும்.

அதனால் அந்த ஊர்க்காரர்களே கண்காணிப்பில் இறங்கினார்கள். 2004-இல் சிப்காட் வட்டாரச் சமூகச் சுற்றுச்சூழல் கண்காணிப்பாளர்கள் என்ற குழு உருவானது. வாளியும் பிளாஸ்டிக் பையும் கொண்ட எளிய கருவியால் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினார்கள். எந்த நாள், எத்தனை மணிக்கு, காற்று எந்தத் திசையிலிருந்து, என்ன நாற்றம் என்று குறித்து வைத்தார்கள். அவர்கள் முதன்மையாகப் பிடித்தது காற்றைத்தான். ஆனாலும் நேரத்தைக் குறிக்கும் அந்த ஒழுங்கு இல்லாமல் மழைநீர் மாதிரிக்கும் மதிப்பில்லை. சிறிது நேரத்தில் மறைந்துவிடும் ஒன்றை, அது ஓடும் நேரத்திலேயே, அங்கேயே வாழ்கிறவர்கள்தான் பதிவு செய்ய முடியும்.

ராணிப்பேட்டையின் கதை வேறு மாதிரியானது. தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் ஆலை 1990-களின் நடுவில் மூடப்பட்டது. புகை நின்றது, குழாய் வற்றியது. ஆனால் 1.5 லட்சம் டன்னுக்கு மேற்பட்ட குரோமியக் கழிவு மலைபோல் அங்கேயே கிடந்தது. அறு இணைதிறக் குரோமியம் தண்ணீரில் கரையும், கரைந்தால் மஞ்சள் நிறம் தரும். மழைக்குப் பின் அந்த வட்டாரத்தில் மஞ்சள் தண்ணீர் ஓடியது. நிலத்தடி நீரிலும் நஞ்சு இறங்கியது. கொடைக்கானலில் 2001-இல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் ஆலையும் இப்படித்தான். பாம்பார் சோலைக்கு மேலே சரிவில் அமைந்த ஆலை அது. மண்ணில் கலந்த பாதரசம் மழையோடு சோலைக்குள் இறங்கியதுதான் பின்னர் வந்த வாதங்களின் மையம். ஆலையை மூடிவிட்டால் கண்காணிப்பும் முடிந்தது என்று எண்ணுவது எத்தனை தவறு என்பதற்கு இந்த இரண்டு இடங்களும் போதும்.

திருப்பூர் வழியே ஓடும் நொய்யல் ஆற்றில் நடந்ததும் நினைவில் இருக்க வேண்டும். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாய ஆலைகளை மூடச் சொன்ன பிறகு, ஒரு சொட்டுக் கழிவும் வெளியே விடாத ஜீரோ டிஸ்சார்ஜ் முறையை நிறைவேற்றாமல் மீண்டும் திறக்க முடியாது என்றானது. 2014-இல் மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் 17 வகைத் தொழில்களுக்கு ஆன்லைன் மீட்டர் பொருத்த உத்தரவிட்டது. இரண்டும் நல்ல முன்னேற்றம்தான். ஆனால் கழிவுக் குழாயே இல்லாத ஆலையிலிருந்து கழிவு வெளியே போக மிஞ்சும் ஒரே வழி மழைநீர் வடிகால். மழை வந்தால் நொய்யலில் நுரை பொங்குவது இன்னும் நிற்கவில்லை.

மழைநீரைக் கவனிக்காத இந்த அலட்சியத்தின் விலையைத் தமிழகம் கண்கூடாகப் பார்த்தது 2023 டிசம்பரில். மிக்ஜாம் புயல் மழையில் மணலி மூழ்கியது. சென்னை பெட்ரோலியம் சுத்திகரிப்பு ஆலை வளாகத்திலிருந்து வெள்ளத்தோடு எண்ணெய் கலந்து பக்கிங்காம் கால்வாயிலும், கொசஸ்தலையாற்றிலும், எண்ணூர் முகத்துவாரத்திலும் பரவியது. வீட்டுச் சுவர்களில் வெள்ளம் நின்ற உயரத்துக்கு எண்ணெய்க் கறை. படகும் வலையும் பாழ். கூழைக்கடாக்கள் இறகெல்லாம் கறுத்து நின்றன. தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வு தானாக முன்வந்து விசாரித்தது. ஆலைக்குள் மழைநீரைக் கையாள்வதில் இருந்த குறைபாடே காரணம் என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் சொன்னது. 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய், 787 படகுகளுக்குத் தலா 10,000 ரூபாய், மேலும் 6,700 குடும்பங்களுக்குத் தலா 7,500 ரூபாய் என மாநில அரசு நிவாரணம் அறிவித்தது. மொத்தம் 8.68 கோடி ரூபாய். வடிகாலின் வாயில் எண்ணெய் பிரிக்கும் தொட்டியைப் போதுமான அளவில் கட்டி, ஒவ்வொரு மழைக்கும் ஒரு புட்டித் தண்ணீரைச் சோதித்திருந்தால் ஆபத்து முன்பே கண்ணில் பட்டிருக்கும்.

அமெரிக்காவும் முதலில் குழாயைத்தான் பார்த்தது. அங்கே 1972-இல் வந்த தூயநீர்ச் சட்டம் ஆலைக் குழாய்களை ஓரளவு கட்டுக்குள் கொண்டுவந்த பிறகும் ஆறுகள் தெளியவில்லை. 1987-இல் சட்டத்தைத் திருத்தி, 1990-இல் தொழிற்கூடங்களின் மழைநீருக்கும் அனுமதி முறையைக் கொண்டுவந்தார்கள். அதன் அடிப்படை விதி எளிது. முந்தைய மழை ஓய்ந்து 72 மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும். நீர் வெளியேறத் தொடங்கிய முதல் 30 நிமிடத்துக்குள் மாதிரி எடுக்க வேண்டும். வெயில் நாள்களில் படிந்த தூசும் எண்ணெயும் ரசாயனமும் முதல் ஓட்டத்தில்தான் செறிவாக வரும். கோடை முழுக்கக் காய்ந்து, ஐப்பசியில் ஒரே மூச்சாகப் பெய்யும் நம் ஊருக்கு இந்த விதி இன்னும் அதிகமாகப் பொருந்தும்.

மாதிரி எடுக்கும் வேலையும் அப்படியொன்றும் கடினமில்லை. வளாகத்தை விட்டு நீர் வெளியேறும் இடத்தில், தேங்கிய குட்டையில் மொள்ளாமல், ஓடும் நீரில் புட்டியைப் பிடிக்க வேண்டும். எண்ணெய்ச் சோதனைக்குக் கண்ணாடிப் புட்டி. அதை அந்த நீரால் முன்கூட்டி அலசக் கூடாது, அலசினால் எண்ணெய் சுவரில் ஒட்டிக் கணக்கு மாறிவிடும். அமில காரத் தன்மையை அங்கேயே பார்த்துவிட வேண்டும். மற்றவை ஐஸ் பெட்டியில் ஆய்வகத்துக்குப் போகும். ஆய்வகத்துக்கு முன்பே நிறம், நாற்றம், கலங்கிய தன்மை, நுரை, எண்ணெய்ப் படலம் ஆகியவற்றைக் கண்ணால் பார்த்து எழுதிவிடலாம். அமெரிக்க விதிகள் இதையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை கேட்கின்றன.

திண்டிவனம் அருகே சிப்காட் தொழிற்பூங்காவும் உணவுப் பூங்காவும் வந்திருக்கின்றன. வேலை வேண்டிப் பிள்ளைகள் சென்னைக்கு ரயிலேறும் மாவட்டத்துக்கு அவை தேவை. அதே வட்டாரத்து மழைநீரை வாங்கும் கழுவெளி 2021-இல் பறவைகள் சரணாலயமானது, 2024-இல் ராம்சார் பட்டியலிலும் இடம்பெற்றது. கடலூரிலும் ராணிப்பேட்டையிலும் கண்காணிப்பு கேட்ட குரல் கேடு நேர்ந்த பின் எழுந்தது. இங்கே ஆலைகள் வரும்போதே அதைத் தொடங்க வாய்ப்பிருக்கிறது. ஒவ்வொரு வளாகத்தின் மழைநீர் வாயும் எந்த வாய்க்காலில், எந்த ஏரியில் சேர்கிறது என்ற வரைபடத்தை வாரியம் வெளியிட வேண்டும். வடகிழக்குப் பருவமழையின் முதல் ஓட்டத்தில் எடுத்த மாதிரியின் முடிவை, அந்த ஏரியின் ஆயக்கட்டு ஊராட்சி அலுவலகத்தில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும். கிராம சபையில் இதைக் கேட்கும் உரிமை அந்த ஊர்க்காரர்களுக்கு உண்டு. அடுத்த ஐப்பசிக்கு முன் கேளுங்கள்.