சென்னை டூ விளாடிவோஸ்டாக்: பனிக்காலத்தில் ரஷ்யாவை ரயிலில் சுற்ற முடியுமா? முழு விவரம்

ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் 'விளாடிவோஸ்டாக்' என்ற பெயர் கொஞ்ச காலமாகவே அடிபடுகிறது. காரணம், சென்னை - விளாடிவோஸ்டாக் கடல்வழித் தடம். அப்படின்னா ஹார்பரில் கப்பல் ஏறி ரஷ்யாவைச் சுற்றிப் பார்த்துட்டு வந்துடலாமா?

கப்பலில் போகலாமா?

முடியாது. 2019 செப்டம்பரில் இந்தியாவும் ரஷ்யாவும் பேசி முடிவு செய்த இந்தத் தடம் சரக்குக்கானது. தூரம் சுமார் 5,600 கடல் மைல். மும்பை - செயின்ட் பீட்டர்ஸ்பர்க் வழியில் 40 நாள் வரை ஆகும் சரக்கு, இதில் சுமார் 24 நாளில் வந்துவிடும். கச்சா எண்ணெய், நிலக்கரி, உரம்தான் முக்கியம். பயணிகள் விமானத்தில்தான் போக வேண்டும்.

அப்போ ரயில்?

மாஸ்கோவில் ஏறினால் விளாடிவோஸ்டாக்கில் இறங்கலாம். டிரான்ஸ் சைபீரியன் ரயில் பாதையின் நீளம் 9,288 கி.மீ. நம்ம நாட்டின் மிக நீளமான ரயிலான கன்னியாகுமரி - திப்ருகர் விவேக் எக்ஸ்பிரஸ் போவது சுமார் 4,200 கி.மீ. அதைவிட இரண்டு மடங்குக்கும் மேல்! இறங்காமல் போனாலே ஏறக்குறைய ஒரு வாரம். இரண்டு முனைக்கும் நேர வித்தியாசம் 7 மணி நேரம்.

'பிளாட்ஸ்கார்ட்' பெட்டி நம்ம ஸ்லீப்பர் மாதிரி, கதவில்லாமல் 54 படுக்கை. 'குபே'யில் அறைக்கு 4 பேர். பெட்டிக்கு உள்ளே நல்ல சூடு இருக்கும். கடைசியில் உள்ள கொதிகலனில் வெந்நீர் இலவசம். டீத்தூளும் உடனடி நூடுல்ஸும் கையில் இருந்தால் பாதிச் செலவு மிச்சம்.

மூன்று வாரத்துக்கு எப்படித் திட்டமிடுவது?

மாஸ்கோ, யெகாடெரின்பர்க், நோவோசிபிர்ஸ்க், இர்குட்ஸ்க், உலான்-உடே, விளாடிவோஸ்டாக். இதுதான் வரிசை. ஒவ்வொரு ஊரிலும் இறங்கி இரண்டு, மூன்று நாள் தங்கலாம். ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனி டிக்கெட் எடுக்க வேண்டும்.

இர்குட்ஸ்க்குக்கு மட்டும் கூடுதல் நாள் ஒதுக்குங்க. பக்கத்தில்தான் பைக்கால் ஏரி. ஆழம் 1,642 மீட்டர், உலகிலேயே மிக ஆழமான ஏரி. ஜனவரியில் உறையத் தொடங்கும். பிப்ரவரி, மார்ச்சில் பனி கெட்டியாகி, அதன் மேலேயே வண்டி ஓட்டுவார்கள். அரசு அனுமதித்த பாதையை விட்டு விலகக் கூடாது.

குளிர் தாங்குமா?

சைபீரியாவில் ஜனவரியில் மைனஸ் 20 டிகிரி சாதாரணம். சில நாள் மைனஸ் 30-க்கும் கீழே போகும். நம்ம ஊர் ஸ்வெட்டர் போதாது. உடம்பை ஒட்டி தெர்மல், நடுவில் கம்பளி, வெளியே காற்று புகாத கோட் என மூன்று அடுக்கு தேவை. பருத்தி உடை வியர்வையில் நனைந்தால் குளிரைக் கூட்டும். செல்போன் பேட்டரியும் சீக்கிரம் இறங்கும். உள்பாக்கெட்டில் வையுங்க.

விசா, பணம்?

2023 ஆகஸ்ட் முதல் இந்தியர்களுக்கு இ-விசா உண்டு. முதலில் 16 நாள்தான் தங்க முடிந்தது. 2025 ஆகஸ்டில் அது 30 நாளாக உயர்ந்தது. மூன்று வாரப் பயணம் சாத்தியமானது இதனால்தான்.

2022 மார்ச் முதல், ரஷ்யாவுக்கு வெளியே வழங்கப்பட்ட விசா, மாஸ்டர்கார்டு அட்டைகள் அங்கே வேலை செய்வதில்லை. ஏ.டி.எம்.மை நம்பிப் போனால் நடுவழியில் நிற்க வேண்டியதுதான். முழுச் செலவுக்கும் ரொக்கம் கையில் வேண்டும்.

இதை மறக்காதீங்க!

'டூரிஸ்ட் விசாவில் போ, அங்கே வேலை வாங்கித் தர்றோம்' என்று யாராவது சொன்னால் நம்பாதீங்க. அப்படிப் போன இந்திய இளைஞர்கள் சிலர் ராணுவத்தில் சேர்க்கப்பட்டு, உக்ரைன் போர்முனைக்கு அனுப்பப்பட்டார்கள். உயிரிழப்பும் நடந்தது. 2024 மார்ச்சில் சி.பி.ஐ. ஏஜென்ட்டுகள் மீது வழக்குப் பதிந்தது. வெளியுறவு அமைச்சகமும் தொடர்ந்து எச்சரித்து வருகிறது. இ-விசாவில் வேலை பார்க்க அனுமதியே கிடையாது. புரியாத ரஷ்ய மொழித் தாள் எதிலும் கையெழுத்துப் போடக் கூடாது.

போர் நடக்கும் நாடு என்பதால், டிக்கெட் எடுக்கும் முன் வெளியுறவு அமைச்சகத்தின் அன்றைய பயண அறிவுரையைப் படித்துவிடுங்க. விசா சந்தேகங்களுக்கு சாந்தோமில் உள்ள ரஷ்யத் துணைத் தூதரகத்தை அணுகலாம்.