ஷூகேய்ஸ் இசை: வரலாறும் கேட்க வேண்டிய குழுக்களும்

ஷூகேய்ஸ் என்பது 1980களின் இறுதியில் பிரித்தானியாவிலும் அயர்லாந்திலும் உருவான ராக் இசைப் பிரிவு ஆகும். மின்கிதாரின் ஒலியைப் பல அடுக்குகளாகப் பெருக்கி, பாடுபவரின் குரலை அந்த ஒலிக்குள் அமிழ்த்தி வைப்பது இதன் அடையாளம். 1990களின் நடுவில் முடிந்துவிட்டதாகக் கருதப்பட்ட இந்த இசையை, அப்போது பிறந்தே இராத இளைஞர்கள் இன்று பல நாடுகளில் இசைக்கின்றனர்.

பெயர்க் காரணம்

'ஷூ' என்றால் காலணி. 'கேய்ஸ்' என்றால் உற்று நோக்குதல். இக்குழுவினர் மேடையில் ஆடிப்பாடுவதில்லை; ரசிகர்களை நிமிர்ந்து பார்ப்பதும் குறைவு. கிதாரின் ஒலியை மாற்றும் பெடல்கள் தரையில் வரிசையாக இருக்கும். அவற்றைக் காலால் அழுத்தி இயக்க வேண்டியிருந்ததால் தலை குனிந்தே நின்றனர். லண்டன் இசை இதழ்கள் இதைக் கேலி செய்து 'காலணியைப் பார்ப்பவர்கள்' என்று எழுதின. அந்தக் கேலியே பெயராக நிலைத்தது.

பாடும் முறையால் ஒருவர் பெயர் பெறுவது நமக்குப் புதிதன்று. இன்றைய அரியலூர் மாவட்டத்திலுள்ள உடையார்பாளையம் சமஸ்தானத்தில் 19ஆம் நூற்றாண்டில் ஆதரிக்கப்பட்ட கிருஷ்ணையர், கன மார்க்கத்தில் பாடியதால் 'கனம்' கிருஷ்ணையர் ஆனார். உ.வே.சாமிநாதையர் அவரது வரலாற்றை எழுதியுள்ளார். அங்கே குரலின் வலிமை பட்டமாயிற்று. இங்கே குரலை மறைத்துத் தலை குனிந்து நின்றது பட்டப்பெயராயிற்று.

ஒலி உருவாகும் விதம்

பெரம்பலூர், அரியலூர் வட்டாரக் கோயில் திருவிழாக்களில் நாகஸ்வரத்துக்குப் பின்னால் ஒத்து அல்லது சுருதிப்பெட்டி இடைவிடாமல் ஒலிப்பதைக் கேட்டிருப்போம். அந்தச் சுருதி பின்னணியில் நிற்கும். நாகஸ்வரம் முன்னே வரும். ஷூகேய்ஸில் இந்த வரிசை மாறுகிறது. தொடர்ந்து நிற்கும் கிதார் ஒலி முன்னே வருகிறது. குரல் பின்னே போகிறது.

இதற்கு மூன்று உத்திகள் முக்கியமானவை. ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் முதலாவது. பெரிய மண்டபத்தில் ஒலிப்பது போன்ற எதிரொலியைத் தரும் ரிவெர்ப் இரண்டாவது. ஒரே ஒலியைச் சிறிது நேரம் கழித்துத் திரும்ப ஒலிக்கச் செய்யும் டிலே மூன்றாவது. மை பிளடி வாலண்டைன் குழுவின் கெவின் ஷீல்ட்ஸ் இன்னொன்றையும் சேர்த்தார். தந்திகளின் இழுவையை மாற்றும் கைப்பிடியைப் பிடித்தபடியே கிதாரை மீட்டினார். அதனால் ஸ்வரங்கள் ஓரிடத்தில் நில்லாமல் அலைபோல் அசைந்தன.

எழுச்சியும் சரிவும்

ஸ்காட்லாந்தின் காக்டோ ட்வின்ஸ், 'சைக்கோகேண்டி' (1985) ஆல்பத்தைத் தந்த ஜீசஸ் அண்ட் மேரி செய்ன் ஆகிய இரண்டும் முன்னோடிக் குழுக்கள். 1983இல் டப்ளினில் தொடங்கப்பட்ட மை பிளடி வாலண்டைன், 1991 நவம்பரில் 'லவ்லெஸ்' ஆல்பத்தை வெளியிட்டது. பல ஒலிப்பதிவுக் கூடங்களில் ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து உருவாக்கிய ஆல்பம் அது. ஆக்ஸ்ஃபோர்டின் ரைட் குழு 'நோவேர்' (1990) ஆல்பத்தையும், ரெடிங் நகரின் ஸ்லோடைவ் குழு 'சுவ்லாகி' (1993) ஆல்பத்தையும், லண்டனின் லஷ் குழு 'ஸ்பூக்கி' (1992) ஆல்பத்தையும் தந்தன.

ஆனால் காலம் மாறியது. அமெரிக்காவின் நிர்வாணா குழு 1991இல் பெரும்புகழ் பெற்றது. அடுத்து பிளர், ஒயேசிஸ் போன்ற குழுக்களின் பிரிட்பாப் அலை வந்தது. வெளிப்படையாக, உரக்கப் பாடுவதே மதிக்கப்பட்டது. ஷூகேய்ஸ் குழுக்களை உலகம் அறியாத நடுத்தர வர்க்கப் பிள்ளைகள் என விமர்சகர்கள் இகழ்ந்தனர். 1995இல் ஸ்லோடைவின் மூன்றாவது ஆல்பம் வெளியான சில நாட்களிலேயே இசை நிறுவனம் அவர்களைக் கைவிட்டது. குழு கலைந்தது.

மீட்சி

இந்த இசையைக் காப்பாற்றியவர்கள் விமர்சகர்கள் அல்லர், கேட்பவர்களே. இணையம் பரவியதும் பழைய ஆல்பங்கள் கைமாறின. புதிய தலைமுறை அவற்றைக் கேலியின் சுவடே இல்லாமல் கேட்டது. மை பிளடி வாலண்டைன் 2008இல் மேடைக்குத் திரும்பி, 2013இல் புதிய ஆல்பம் தந்தது. 2014இல் மீண்டும் கூடிய ஸ்லோடைவ், 2017இலும் 2023இலும் ஆல்பங்களை வெளியிட்டது. ஒருகாலத்தில் ஒதுக்கப்பட்ட 'சுவ்லாகி' இன்று இவ்வகையின் தலைசிறந்த ஆல்பங்களில் ஒன்றாக மதிக்கப்படுகிறது.

இன்றைய குழுக்கள்

• அல்செஸ்ட் (பிரான்ஸ்), டெஃப்ஹெவன் (அமெரிக்கா): ஷூகேய்ஸைக் கடுமையான மெட்டல் இசையுடன் இணைத்தவை. டெஃப்ஹெவனின் 'சன்பேதர்' (2013) குறிப்பிடத்தக்கது.

• நத்திங் (பிலடெல்ஃபியா): 'கில்டி ஆஃப் எவ்ரிதிங்' (2014) கனத்த ஒலியும் மெல்லிய குரலும் கொண்டது.

• பரன்னூல் (தென்கொரியா): தன் பெயரை வெளியிடாத ஒருவர் தனியாகக் கணினியில் உருவாக்கிய 2021 ஆல்பம் உலகெங்கும் பேசப்பட்டது. பெரிய ஒலிப்பதிவுக் கூடம் இல்லாமலே இந்த இசையைச் செய்யலாம் என்பதற்கு இது சான்று.

• விஸ்ப் (சான் பிரான்சிஸ்கோ): 'யுவர் ஃபேஸ்' (2023) பாடல் டிக்டாக் வழியே பரவியது.

• இந்தியாவில் இதற்கு நெருங்கிய உறவுடைய இசை உண்டு. கொல்கத்தாவின் பரேக் அண்ட் சிங் இருவரின் 'ஓஷன்' (2016) ட்ரீம் பாப் வகை. அகமதாபாத்தின் ஆஸ்வீகீப்சர்ச்சிங் குழு போஸ்ட் ராக் வகை.

கேட்கும் முறை

தமிழ்ப் பாடலில் சொல்லுக்கே முதலிடம். வரி புரியாவிட்டால் பாடகரைக் குறை சொல்வோம். அந்த எதிர்பார்ப்புடன் ஷூகேய்ஸைக் கேட்டால் இரைச்சலாகத்தான் தோன்றும். இங்கே குரலும் ஒரு வாத்தியமே. புதியவர்கள் முதலில் மென்மையான ஸ்லோடைவைக் கேட்டு, பிறகு ரைட், அதன்பின் 'லவ்லெஸ்' என்ற வரிசையில் செல்லலாம். ஒலியளவை மிதமாக வைத்து, ஹெட்போனில் ஒரு முழு ஆல்பத்தையும் இடைநிறுத்தாமல் கேட்பது நல்லது. இரைச்சலுக்குள் ஒரு மெட்டு மெல்லத் தென்படும். அதைக் கண்டுபிடிக்கும் பொறுப்பைக் கேட்பவரிடமே இந்த இசை விட்டுவிடுகிறது.