நாலு நட்டில் திறக்கும் என்ஜின்

பழைய மோட்டோகிராஸ் பைக்கின் டூ-ஸ்ட்ரோக் என்ஜினைத் திறக்கப் பெரிய பட்டறை வேண்டியதில்லை. டேங்கையும் சைலன்சர் குழாயையும் கழற்றி, ரேடியேட்டர் தண்ணீரை வடித்துவிட்டு, ஹெட்டை எடுத்தபின் சிலிண்டரைப் பிடித்திருக்கும் நாலு நட்டையும் விட்டால் பிஸ்டன் கண்ணெதிரே நிற்கும். வால்வு கிடையாது, கேம் ஷாஃப்ட் கிடையாது, டைமிங் செயின் கிடையாது. பிஸ்டன், கனெக்டிங் ராட், கிராங்க் ஆகிய மூன்றும்தான் இந்த என்ஜினின் உயிர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் பல தலைமுறை இளைஞர்கள் வீட்டு கார் ஷெட்டில் குந்தி என்ஜின் வேலை பழகியது இதில்தான். பெரிய கம்பெனிகள் பலவும் கைகழுவிய பிறகும் இந்த வண்டி பிழைத்துக் கிடக்கிறதென்றால், அந்த ஷெட்டுகளுக்கு அதில் பெரும் பங்கு உண்டு.

இவ்வளவு எளிமை தானாக வந்துவிடவில்லை. தொடக்கக் கால டூ-ஸ்ட்ரோக் என்ஜின்களில் பிஸ்டனின் தலையில் ஒரு மேடு இருக்கும். புதிதாக வரும் பெட்ரோல் கலவை நேராக வெளியேறிவிடாமல் மேல்நோக்கித் திருப்பிவிடுவது அதன் வேலை. அந்த மேடு அளவுக்கு மீறிச் சூடேறியது. 1920களில் ஜெர்மன் பொறியாளர் அடால்ஃப் ஷ்னூர்லே, சிலிண்டரின் பக்கவாட்டு வழிகளான போர்ட்டுகளைச் சாய்வாக அமைத்து, கலவையைச் சுழன்று மேலேற வைத்தார். மேடு போயிற்று. இந்த முறைக்கு உரிமம் வாங்கி மோட்டார் சைக்கிளில் பரப்பியது, சாக்சனியின் சோப்பாவ் நகரிலிருந்த டிகேடபிள்யூ தொழிற்சாலை.

அங்கே 1939இல் ஹெர்மன் வேபர் வடிவமைத்த ஆர்டி125, உலகில் அதிகம் நகலெடுக்கப்பட்ட பைக்குகளில் ஒன்று. போரில் ஜெர்மனி தோற்றதும் அதன் வரைபடங்கள் வென்றவர்களின் கைக்குப் போயின. பிரிட்டனில் பிஎஸ்ஏ பேண்டம், அமெரிக்காவில் ஹார்லி-டேவிட்சனின் 125 சிசி வண்டி, சோவியத் நாட்டில் மாஸ்க்வா என எல்லாம் அதே அச்சில் பிறந்தவை. வேபர் சோவியத் ஒன்றியத்துக்குக் கொண்டுசெல்லப்பட்டு அங்கேயே இறந்தார். 1955இல் யமஹா தன் முதல் மோட்டார் சைக்கிளான ஒய்ஏ-1ஐச் செய்தபோதும் முன்மாதிரி இந்த ஆர்டி125தான்.

போருக்குப் பின் கிழக்கு ஜெர்மனிக்குள் வந்துவிட்ட சோப்பாவில் எம்இசட் கம்பெனி எழுந்தது. அதன் பந்தயப் பிரிவுக்கு 1953இல் பொறுப்பேற்ற வால்டர் காடன், புகைக்குழாயை ஓர் இசைக்கருவி செய்பவரின் காதோடு அணுகினார். குழாய் முதலில் விரிந்து பிறகு குறுகினால், புகையோடு ஓடும் அழுத்த அலை முதலில் புதிய கலவையை இழுக்கும். திரும்பி வரும்போது, தப்பியோட முயலும் கலவையை மறுபடி சிலிண்டருக்குள் தள்ளும். இன்று டர்ட் பைக்கின் பக்கவாட்டில் வயிறு புடைத்துத் தெரியும் குழாய் இந்தக் கணக்கில் வந்ததே. 1961இல் அவருடைய 125 சிசி என்ஜின் 25 குதிரைத்திறனை எட்டியது. லிட்டருக்கு 200 குதிரைத்திறன் என்பது அன்று நம்பமுடியாத எண்.

அதே ஆண்டு செப்டம்பரில் ஸ்வீடனின் கிறிஸ்டியான்ஸ்டாட் பந்தயம் முடிந்ததும், எம்இசட் வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் நாடு திரும்பவில்லை. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் காரில் ஒளித்துவைக்கப்பட்டு மேற்கு ஜெர்மனிக்குக் கடத்தி வரப்பட்டனர். டெக்னர் போய்ச் சேர்ந்த இடம் சுசுகி. காடனின் வித்தை அவரோடு ஜப்பானுக்குப் போனது. அடுத்த ஆண்டே 50 சிசி உலகப் பட்டத்தை சுசுகிக்கு அவர் வென்று கொடுத்தார்.

சேற்றுப் பந்தயத்தில் இந்த மாற்றம் கொஞ்சம் தாமதமாக வந்தது. 1964, 1965 ஆகிய ஆண்டுகளின் 500 சிசி மோட்டோகிராஸ் உலகப் பட்டம் பிஎஸ்ஏவின் ஃபோர்-ஸ்ட்ரோக்குக்கே போனது. 1966இல் செக் நாட்டு சி.இசட். வண்டியில் பால் ஃபிரீட்ரிக்ஸ் அதைப் பறித்தார். அந்தப் பிரிவில் டூ-ஸ்ட்ரோக் பெற்ற முதல் பட்டம் அது. அதே ஆண்டு ஸ்வீடன் வீரர் டோர்ஸ்டன் ஹால்மன் ஹுஸ்க்வர்னாவோடு அமெரிக்காவுக்குப் போய், உள்ளூர்க்காரர்களின் கனமான வண்டிகளைத் திணறடித்தார்.

கலிஃபோர்னியாவின் பாலைவனங்களும் மலைப்பாதைகளும் அதற்குமுன்பே பைக்கர்களின் களம்தான். அந்தச் சந்தைக்கு யமஹா 1968இல் அனுப்பிய டிடி-1 என்ற 250 சிசி வண்டி, ரோட்டிலும் ஓடியது, காட்டிலும் ஓடியது. அதோடு ஒரு பெட்டியையும் யமஹா விற்றது. ஜிஒய்டி கிட் என்று பெயர். சிலிண்டர், பிஸ்டன், ஹெட், புகைக்குழாய் முதலியவற்றை வாங்கி மாட்டினால் சாதாரண டிடி-1 பந்தய வண்டியாகிவிடும். என்ஜினைத் திறப்பது பழுதானபோது செய்யும் வேலை மட்டுமல்ல, வார இறுதிப் பொழுதுபோக்கும்கூட என்று கம்பெனியே சொன்னதுபோல் ஆயிற்று.

1973 இந்தக் கதையில் கனமான ஆண்டு. ஃபோர்-ஸ்ட்ரோக்கின் ரசிகரான சொய்சிரோ ஹோண்டாவின் கம்பெனி, சிஆர்250எம் எல்சினோர் என்ற டூ-ஸ்ட்ரோக்கைக் களமிறக்கியது. பெல்ஜியத்தின் லூசியன் டில்கென்ஸ் வகுத்த ஒற்றை ஷாக் அப்சார்பர் பொருத்திய யமஹாவில் ஹாகன் ஆண்டர்சன் 250 சிசி உலகப் பட்டம் வென்றார். கார்டன் ஜென்னிங்ஸ் எழுதிய 'டூ-ஸ்ட்ரோக் டியூனர்ஸ் ஹேண்ட்புக்' வெளிவந்ததும் அதே ஆண்டில்தான். போர்ட்டை எவ்வளவு உயர்த்தலாம், குழாயின் நீளத்தை எப்படிக் கணக்கிடுவது என்று, பந்தயப் பிரிவுகள் பொத்திவைத்திருந்தவற்றை அது சாமானியனின் கைக்குக் கொடுத்தது.

அக்காலச் சிலிண்டர்களில் பலவற்றின் உள்ளே இரும்பு ஸ்லீவ் இருந்தது. தேய்ந்தால் லேத் பட்டறையில் கொடுத்து ரீபோர் செய்து, 0.25 மில்லிமீட்டர் பெரிய பிஸ்டன் போட்டுக்கொள்ளலாம். அதுவும் தேய்ந்தால் 0.50. இந்தத் தேவையைச் சுற்றி ஒரு தனித் தொழிலே வளர்ந்தது.

பிறகு என்ஜின் மாறத் தொடங்கியது. 1980களின் தொடக்கத்தில் தண்ணீர்க் குளிரூட்டல் வந்தது. வேகத்துக்கு ஏற்பப் புகைவாயின் உயரத்தை மாற்றும் பவர் வால்வு வந்தது. அடுத்த பத்தாண்டுக்குள் இரும்பு ஸ்லீவின் இடத்தை நிக்கல்-சிலிக்கான் கார்பைடு பூச்சு பிடித்தது. ஜெர்மனியின் மாலே கம்பெனி வாங்கெல் என்ஜினுக்காக 1960களில் உருவாக்கிய நிகாசில் இந்த வகையைச் சேர்ந்தது. பூச்சு கெட்டியானது, நீண்ட நாள் உழைக்கும். ஆனால் கீறல் விழுந்துவிட்டால் ரீபோர் செய்ய வழியில்லை. சிலிண்டரைச் சிறப்புப் பட்டறைக்குப் பார்சலில் அனுப்பி மறுபூச்சு போட்டு வாங்க வேண்டும். உள்ளூர் லேத்துக்காரரின் வேலை அஞ்சல் வழிக்குப் போனது.

பிஸ்டன் மாற்றுவது மேல்வேலை. பழைய வண்டி வாங்குபவருக்கு உண்மையான சோதனை கீழே இருக்கிறது. பல ஆண்டுகள் ஓடாமல் கிடந்த என்ஜினில் கிராங்கின் ஆயில் சீல் காய்ந்து கெட்டியாகிவிடும். மேக்னெட் பக்கத்துச் சீல் போனால் வெளிக்காற்று உள்ளே நுழைந்து கலவையின் பெட்ரோலைக் குறைக்கும். பெட்ரோல் குறைந்தால் அதில் கலந்திருக்கும் ஆயிலும் குறையும். பிஸ்டன் சூடேறி சீஸ் ஆகும். கிளட்ச் பக்கத்துச் சீல் போனால் கியர் ஆயிலை என்ஜின் உறிஞ்சி, வெண்புகையாகக் கக்கும். புது பிஸ்டன் போட்டும் சில நாளில் சீஸ் ஆகிற வண்டிகள் பலவற்றின் ரகசியம் இந்தச் சின்ன ரப்பர் வளையம்தான். அதனால் விஷயம் தெரிந்தவர்கள் போர்ட்டுகளை அடைத்து, உள்ளே லேசாகக் காற்றேற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று முதலில் பார்ப்பார்கள்.

கேஸைப் பிளந்து கிராங்கை மாற்ற வேண்டி வந்தால் வீட்டுச் சமையலறையும் பட்டறையாகும். அலுமினியக் கேஸை ஓவனில் சூடாக்கி விரியவைத்து, ஃப்ரீசரில் குளிர்ந்து சுருங்கிய பேரிங்கை அதில் இறக்குவது பல ஷெட்டுகளில் பழகிய முறை. கிராங்கைப் பிரித்துப் புது ராட் ஏற்றி நேர் பார்ப்பதற்கு ஹைட்ராலிக் பிரஸ்ஸும் நல்ல கையும் வேண்டும். அங்கேதான் வீட்டு வேலை நின்றது. முழுதாகச் சேர்த்துப் பொருத்திய கிராங்கைப் பெட்டியில் வைத்து விற்கத் தொடங்கிய உதிரிபாகக் கம்பெனிகள் அந்தத் தடையையும் உடைத்தன.

1997இல் லாஸ் வேகாஸ் சூப்பர்கிராஸ் பந்தயத்தில் டக் ஹென்றி யமஹாவின் 400 சிசி ஃபோர்-ஸ்ட்ரோக்கில் வென்றார். அமெரிக்கப் பந்தய விதி, 250 சிசி டூ-ஸ்ட்ரோக்குக்கு எதிராக ஏறக்குறைய இரு மடங்கு கொள்ளளவு ஃபோர்-ஸ்ட்ரோக்கை அனுமதித்தது. கலிஃபோர்னியாவின் புகைக் கட்டுப்பாடும் சேர்ந்துகொண்டது. 2007 மாடலோடு ஹோண்டா சிஆர் வரிசையை நிறுத்தியது. ஆனால் புது ஃபோர்-ஸ்ட்ரோக் வண்டிகளில் டைட்டானியம் வால்வும் கேமும் வந்தன. அவை கெட்டால் ஆகும் செலவு, டூ-ஸ்ட்ரோக்கின் பிஸ்டன் செட் விலையைப்போல் பல மடங்கு. வார இறுதிக்காரர்கள் பழைய ஹோண்டா சிஆர்களையும் கவாசாகி கேஎக்ஸ்களையும் தேடிப் போனதற்கு அந்தக் கணக்கும் ஒரு காரணம். 2001இல் நின்றுபோன சிஆர்500 என்ஜினைப் புதிய அலுமினியச் சட்டத்தில் ஏற்றி ஓட்டும் வழக்கமும் வந்தது.

சோப்பாவில் தொடங்கிய வழி தமிழ்நாட்டையும் தொட்டுப் போயிருக்கிறது. 1984இல் ஒசூரிலிருந்து இண்ட்-சுசுகி ஏஎக்ஸ்100 வந்தது. மறு ஆண்டு யமஹா ஆர்எக்ஸ்100 இந்தியாவுக்கு வந்தது. 50 மில்லிமீட்டர் போர், இரும்பு ஸ்லீவ். ரீபோர் செய்யவே பிறந்த சிலிண்டர். 2000இல் புகை விதிகள் இறுகி டூ-ஸ்ட்ரோக் பைக்குகள் ஒவ்வொன்றாக நின்றபிறகும், அமெரிக்க ஷெட்டுகள் பூச்சுக்கு முன் பார்த்த அதே 0.25, 0.50 கணக்கில் நம் ஊர் லேத்துகள் ஆர்எக்ஸ்100ஐ ஓடவைத்தன.

இப்போது புது டூ-ஸ்ட்ரோக் வாங்குபவருக்கு முன் இரண்டு வழிகள் உள்ளன. கேடிஎம் 2018 மாடல் எண்டூரோ வண்டிகளில் ஃபியூவல் இன்ஜெக்‌ஷனைக் கொண்டுவந்தது. 2023 மாடல் மோட்டோகிராஸ் வண்டிகளில் பவர் வால்வும் மின்னணுக் கட்டுப்பாட்டுக்குப் போனது. கோளாறு பார்க்கக் கருவியும் மென்பொருளும் வேண்டும். யமஹாவின் ஒய்இசட்250இல் இன்னும் கார்புரேட்டரும் கிக்கரும்தான். அதன் என்ஜினின் அடிப்படை இருபது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரிதாக மாறவில்லை. ஆகவே பதினைந்து வருடப் பழைய வண்டியைப் பிரித்துப் போட்டவருக்குத் தேவையான கேஸ்கெட்டும் சீலும் இன்றைய வண்டிக்காகவே கடையில் இருக்கின்றன.