மலேயா டிரங்குப் பெட்டியும் வாழைப்பழ நோட்டும்: எது அசல், எது போலி?

மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, நாகை பக்கம் சொந்தம் உள்ளவரா நீங்க? உங்க வீட்டுப் பரண்ல ஒரு மலேயா பெட்டி இருக்கலாம். அதுல வாழைக்குலை படம் போட்ட 10 டாலர் நோட்டு இருந்தா, விக்கிறதுக்கு முன்னாடி இந்த இழையைப் படிச்சிடுங்க. வாங்கப் போறவங்க கட்டாயம் படிங்க.

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் ஜப்பானிடம் விழுந்தது. ஜப்பான் தன் சொந்த டாலரை அச்சடித்து இறக்கியது. மலாய்க்காரர்கள் அதை 'டூயிட் பீசாங்', அதாவது வாழைப்பழக் காசு என்றார்கள். ரப்பர் தோட்டத்துல பால் வெட்டின நம்ம ஆளுங்களுக்கும் கூலி இதுலதான். 1945 செப்டம்பரில் ஆங்கிலேயர் திரும்பி வந்து செல்லாதுன்னுட்டாங்க. மூணரை வருஷ உழைப்பு வெறும் காகிதம். பிறகு ரஜூலா கப்பலில் நாகப்பட்டினம் வந்து இறங்கியவர்களில் சிலர் அந்தக் கட்டையும் கொண்டு வந்தாங்க.

"வரிசை எண்ணே இல்லையே, போலிதானே டாக்டர்?" இல்லைங்க. ஆரம்பத்துல வந்த நோட்டுகளில் எண் இருந்தது. அப்புறம் இஷ்டத்துக்கு அச்சடிச்சாங்க, எண்ணை விட்டுட்டு வெறும் எழுத்து மட்டும் போட்டாங்க. முதல் எழுத்து 'எம்'னா மலேயா. பர்மா ரூபாய்க்கு 'பி'. வருஷம் எதுவும் அச்சாகி இருக்காது, இருந்தா சந்தேகப்படுங்க.

இன்னொரு குழப்பம்: ஆறாம் ஜார்ஜ் தலை போட்டு 1941 ஜூலை 1 தேதியிட்ட மலேயா டாலர். தேதியைப் பார்த்தா போர்க்காலம். புழக்கத்துக்கு வந்தது போர் முடிந்த பிறகுதான்.

போலியை எப்படிக் கண்டுபிடிக்கிறது? எங்க கருவியே போதும். தோல் டாக்டர் மச்சம் பார்க்கிற 10 மடங்கு லென்ஸில் பாருங்க. பழைய அச்சுக் கோடு தொடர்ச்சியா ஓடும். கம்ப்யூட்டர் பிரிண்ட் புள்ளி புள்ளியா உடையும். தலைப் படர்தாமரைக்குப் பிடிக்கிற வுட்ஸ் விளக்கில் காட்டினா, இக்காலக் காகிதம் பெரும்பாலும் நீலமா ஒளிரும். வெண்மையூட்டி ரசாயனம் காகிதத்துல பரவினது 1950 வாக்கில்தான். ஆனா சட்டைப் பையோட சோப்புத்தூளில் துவைச்ச அசல் நோட்டும் ஒளிரும்! ஒரே டெஸ்ட்டை வெச்சு நோயை முடிவு பண்ணாதீங்க.

ஆசாத் ஹிந்த் பதக்கம்தான் பெரிய தலைவலி. அதை அடித்தது வியன்னாவில் சூவல் நிறுவனம். போருக்குப் பிறகும் சேகரிப்பாளர்களுக்காக அடிச்சு வித்தாங்க. வடிவம் அசல், காலம் வேற. "நேதாஜி கையால தாத்தாவுக்குக் கொடுத்தது"ன்னு லட்சம் கேட்டா, தாத்தாவோட காகிதங்களைக் கேளுங்க. கதையை மட்டும் காசு கொடுத்து வாங்காதீங்க.

முதல் உலகப்போர் பிரிட்டிஷ் வார் மெடல் இருக்கா? விளிம்பைத் திருப்பிப் பாருங்க. எண், பேர், படைப்பிரிவு பதிஞ்சிருக்கணும். விளிம்பை அரத்தால் ராவியிருந்தா விட்டுடுங்க. வெள்ளிதான் அசல்னு நினைச்சு வெண்கலத்தைத் தூக்கிப் போடாதீங்க. இந்தியத் தொழிலாளர் படைக்குக் கொடுத்தது வெண்கலத்துலதான்! பிரான்ஸ் வரை போய் மண் வெட்டினவரோடதா இருக்கலாம்.

வாழைப்பழ நோட்டு கோடிக்குப் போகுதுன்னு வாட்ஸ்அப்ல வர்றது சுத்தப் பொய். கசங்கின சாதாரண 10 டாலருக்குச் சில நூறு ரூபாய்தான்.

லேமினேட் பண்ணாதீங்க. மெடலைப் புளி போட்டுத் தேய்க்காதீங்க. யாருடையது, எந்த எஸ்டேட், எந்த வருஷம் ஊருக்கு வந்தார்னு ஒரு கவர் மேல பென்சிலால் எழுதி, கப்பல் டிக்கெட், பாஸ்போர்ட்டோட சேர்த்து வையுங்க. விவரம் தெரிஞ்ச அப்பத்தா இருக்கும்போதே கேட்டு எழுதிடுங்க.