தேரிக்காட்டுக் கோயில்கள்

மும்பை மாநகரின் தென்கோடியில், கொலாபாவில், ஆப்கானியக் கோயில் என மக்கள் அழைக்கும் கிறிஸ்தவப் பெருங்கோயில் ஒன்று உண்டு. முதல் ஆப்கானியப் போரில் மாண்ட படையினரின் நினைவாக 1847ஆம் ஆண்டில் அதற்கு அடிக்கல் நாட்டினர். 1858இல் அது அர்ச்சிக்கப்பெற்றது. அதே 1847இல், திருநெல்வேலிச் சீமையின் தெற்கே, இடையன்குடி என்னும் மணற்காட்டுச் சிற்றூரிலும் ஒரு கோயிலுக்கு வேலை தொடங்கிற்று. அக்கோயில் அர்ச்சிக்கப்பெற்றதோ 1880 ஜூலையில். இடையே 33 ஆண்டுகள் ஓடிவிட்டன. கொலாபாக் கோயிலுக்கு அரசாங்கத்தின் ஆதரவு இருந்தது. இடையன்குடிக்கு இருந்தவர்கள் பனையேறிகள்.

தாராவியில் குடியேறிய தமிழருட் பெரும்பகுதியினர் திருநெல்வேலிச் சீமையினின்று வந்தவர்கள். அவர்களுக்கும், மாதுங்காவிலும் செம்பூரிலும் வாழும் அச்சீமையாருக்கும், எச்சமயத்தவராயினும், இக்கோயில்களின் கதை அயலார் கதையன்று. தம் ஊர் எவ்வாறு ஊராயிற்று என்னும் கதையே அது.

இவ்வரலாற்றின் தொடக்கத்தில் நிற்பவர் மராட்டிய அந்தணர் குலத்துக் கைம்பெண் ஒருவர் என்பது, மராட்டிய மண்ணில் வாழும் நமக்குச் சுவை தரும் செய்தி. தஞ்சையிலிருந்து பாளையங்கோட்டைக்கு வந்த அவ்வம்மையார் 1778இல் சுவார்ட்சு ஐயரிடம் ஞானஸ்நானம் பெற்றுக் குளோரிந்தா என்னும் பெயர் பூண்டார். அவர் முயன்று கட்டுவித்த சிறு கோயில் 1785இல் அர்ச்சிக்கப்பெற்றது. பாப்பாத்தியம்மாள் கோயில் என்றே இன்றும் அதை அழைக்கின்றனர். அன்று மராட்டி பேசிய பெண்மணி தெற்கே சென்று தமிழருக்குக் கோயில் எடுத்தார். பின்னாளில் அத்தமிழரின் வழிவந்தோர் வடக்கே வந்து மராட்டியரிடையே குடிபுகுந்தனர்.

ஆயினும் கோயில் வேறு, கோயிலைச் சுற்றி எழுந்த ஊர் வேறு. கட்டபொம்மன் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட அதே 1799இல், சாத்தான்குளத்துக்கு அண்மையில் முதலூர் தோன்றிற்று. சமயம் மாறிய குடும்பங்கள் பழைய ஊர்களில் இருக்க இயலாமற் போயிற்று. வீடும் வழிபாட்டிடமும் இழந்த அவர்களுக்காக, டேவிட் சுந்தரானந்தம் என்னும் உபதேசியார் முன்னின்று, உதவியாகக் கிடைத்த பணத்தைக் கொண்டு ஒரு துண்டு நிலத்தை வாங்கினார். கிறிஸ்தவர்களுக்கென்று அமைந்த முதல் ஊராதலின் முதலூர் ஆயிற்று. பின்னர்ப் பாளையங்கோட்டையில் இருந்த இரேனியுஸ் ஐயர் 1830இல் தரும சங்கம் ஒன்றை நிறுவி, நிலம் வாங்குவதையே ஒரு முறையாக்கினார். நிலம் சங்கத்தின் பெயரில் இருக்கும். குடியிருப்போரை எந்த மிராசுதாரரும் ஒரே இரவில் வெளியேற்ற இயலாது. சமயப் பிரசங்கத்தினும் இந்தப் பத்திரமே ஏழைக்குப் பெருந்துணையாய் இருந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. குடியிருக்கும் மனைக்குப் பட்டா இல்லாதவன் படும் பாட்டை மும்பை நேயர்களுக்கு யாரும் விளக்க வேண்டுவதில்லை.

ஊர்ப்பெயர்களிலும் இவ்வரலாறு படிந்துள்ளது. நாசரேத்து விவிலியப் பெயர். டோனாவூர், பணம் உதவிய பிரஷியப் பிரபுவாகிய டோனாவின் பெயர். சாயர்புரம், சாயர் என்னும் வணிகரின் பெயர். நெடுவிளை என்னும் மணற்பரப்பு மெஞ்ஞானபுரம் ஆயிற்று. அங்குப் பணிபுரிந்த ஜான் தாமஸ் ஐயர் 1870இல் மறைந்தார். அவர் மணலில் கிணறுகள் தோண்டுவித்துத் தோப்புகள் வளர்த்தார். 192 அடி உயரக் கோபுரத்துடன் கோயிலும் எழுப்பினார். பனங்காட்டு வெளியில் தொலைவிலிருந்து வருவோனுக்கு முதலில் தெரிவது அக்கோபுரமே.

இடையன்குடிக்கு 1841இல் வந்த கால்டுவெல் ஐயரை, 1856இல் வெளிவந்த திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்தின் ஆசிரியர் என்றே உலகம் அறியும். இடையன்குடியார் அறிந்த கால்டுவெல் வேறு. நேரான தெருக்களை அளந்து போட்டவர். மரம் நடச் செய்தவர். கோயிலின் கட்டட வேலையைத் தாமே கவனித்தவர். அவர்தம் மனைவியார் எலைசா அம்மையார் பெண்களுக்குப் பின்னல் வேலை கற்பித்தார். பதனீர்ப் பருவம் முடிந்த மாதங்களில் அந்நூற்காசு அடுப்பை எரியச் செய்தது. 1891இல் கொடைக்கானலில் மறைந்த கால்டுவெல் அக்கோயிலிலேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

கோயில் மணியே ஊருக்குக் கடிகாரம். உபதேசியாரே ஆசிரியர், பல ஊர்களில் கோயிற் கட்டடமே வாரநாட்களில் பள்ளிக்கூடம். பெண்பிள்ளைகளும் அங்குப் படித்தனர். இல்லத்தரசி உலையில் அரிசி இடும்போது ஒரு கைப்பிடியைத் தனிக் கலயத்தில் எடுத்து வைப்பாள். வாரந்தோறும் அக்கைப்பிடி அரிசி கோயிலுக்குச் செல்லும். மெஞ்ஞானபுரத்தை அடுத்த வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் அசரியா, 1912இல் ஆங்கிலிக்கத் திருச்சபையின் முதல் இந்தியப் பேராயராகித் தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். அவர் 1903இல் தோற்றுவிப்பதற்குத் துணைநின்ற இந்திய மிஷனரிச் சங்கம் இத்தகைய ஊர்களின் காணிக்கையையே நம்பி எழுந்தது. வாங்கி உண்ட ஊர்கள் ஒரு நூற்றாண்டுக்குள் அனுப்பி வைக்கும் ஊர்களாயின.

இதன் மறுபக்கத்தையும் சொல்லாது விடலாகாது. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கக் கோயில் 1872இல் இரண்டு நீண்ட கூடங்களுடன் கட்டப்பெற்றது. இரண்டும் பீடத்தில் வந்து கூடும். காற்சட்டையின் இரு கால்களைப் போன்றது அதன் அமைப்பு. வெள்ளாளருக்கு ஒரு கூடம், நாடார் முதலானோர்க்கு மற்றொன்று, இடையே சுவர். 1910இல் அச்சுவரைத் திருச்சபையினர் இடித்தனர். வெள்ளாளர் வழக்குத் தொடுத்தனர். அது சென்னை உயர் நீதிமன்றம் வரை சென்றது. பழைய பிரிவினையை மீட்டுத் தர நீதிமன்றம் இசையவில்லை. சீர்திருத்தச் சபையார் ஊர்களில் இத்தகைய கற்சுவர் இல்லை என்று பெருமை பேசுவோர் உளர். ஆனால் ஊரே ஒரு சாதியினரின் ஊராய் அமைந்துவிட்டால் சுவர் எதற்கு?

இன்று அவ்வூர்களின் பல வீடுகள் ஆண்டின் பெரும்பகுதி பூட்டிக் கிடக்கின்றன. பதனீர் இறக்குவோர் அருகினர். திறப்பது அசனப் பண்டிகையின்போது. ஊர் முழுவதற்கும் ஒரே சமையல். பெருங்கொப்பரைகளில் சோறும் கறியும் கொதிக்கும். வரிசையில் அமர்ந்து உண்டவர் போக, வர இயலாத முதியோருக்கு ஓலைப்பெட்டியிலும் தூக்குப்பாத்திரத்திலும் எடுத்துச் செல்வர். அறுப்பின் பண்டிகையில் காணிக்கைப் பொருள்களை ஏலமிடுவதும் உண்டு. கடையில் சில ரூபாய் பெறும் தேங்காயை நூறு மடங்கு விலைக்கு ஏலம் எடுப்பவர் பெரும்பாலும் வெளியூரில் வாழ்பவரே. பக்தியா, பெருமையா என்று கேட்பது வீண். இரண்டும் கலந்தே இருக்கும். அப்பணத்தில் கோபுரத்துக்கு வண்ணம் பூசப்படுகிறது. பள்ளிக்கு ஓடு மாற்றப்படுகிறது.

வண்ணம் பூசப் பணம் வருகிறது. ஞாயிற்றுக்கிழமை மணியடிக்கவும், பழைய திருமணப் பதிவேடுகளைச் செல்லரிக்காமல் காக்கவும் ஆள்தான் குறைந்து வருகிறது. தாத்தனும் பூட்டனும் எந்த ஆண்டில் எந்தப் பெயரில் ஞானஸ்நானம் பெற்றனர், எந்த ஊரிலிருந்து வந்தனர் என்பதை அறிய விரும்புவோர், அடுத்த விடுமுறையில் ஊர் சென்றால் குருவானவரின் அனுமதியுடன் அந்த ஏட்டைப் புரட்டிப் பார்க்கலாம்.